காலையில் மட்டும் நொண்டும் கால்

எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. சாயங்காலம் தெருவில் குதித்து ஆடுவாள். காலையில் எழுந்தால் வலது முழங்காலை மடக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு நொண்டிப் போவாள். பத்து மணிக்கெல்லாம் சரியாகிவிடும். வலிக்குது என்று சொன்னதே இல்லை. தூக்கிக்கச் சொல்வாள், அவ்வளவுதான்.

பக்கத்து கிளினிக்கில் 'வளர்ற வயசு வலி' என்று கால்சியம் சிரப் எழுதித் தந்தார்கள். மாமியார் உளுந்தங்களி கிண்டினார். (களி நன்றாகவே இருந்தது.) ஆனால் அந்த முழங்காலில் இருந்த வீக்கம் வற்றவில்லை. டாக்டரிடம் போகும் நேரத்தில் அவள் நன்றாக நடந்துவிடுவதால், காலை நடையை போனில் வீடியோ எடுத்து வைத்தேன்.

குழந்தைகளுக்கான மூட்டுநோய் மருத்துவர் அதைத்தான் முதலில் பார்த்தார். பிறகு ஜட்டியோடு நடக்கவிட்டார், தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார். தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுந்தால் தசை பலவீனமாம். வளர்ச்சி வலி இரண்டு காலிலும், சாயங்காலமோ ராத்திரியோ வரும். காலையில் இருக்காது, நொண்டவும் வைக்காது என்றார். எங்கள் கதை நேர்மாறு.

அப்புறம் கேட்ட கேள்விகளில்தான் எனக்கு வயிறு கலங்கியது. காய்ச்சல் உண்டா? எடை குறைந்ததா? ராத்திரி வலியில் எழுந்து அழுகிறாளா? காரணமில்லாமல் உடம்பில் கன்றிப்போகிறதா? ரத்தப் புற்றுநோயும் சில குழந்தைகளுக்கு மூட்டு வலியாகவே தொடங்குமாம். ரத்த அணுக்களைப் பார்த்து அதை விலக்கும்வரை யார் ஸ்டீராய்டு எழுதினாலும் கொடுக்காதீர்கள், நோயை மறைத்துவிடும் என்றார். காய்ச்சலோடு காலை ஊன்றவே மறுத்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரி. மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம்.

ரிசல்ட்டில் அணுக்கள் சரியாக இருந்தன. வீக்கம் ஆறு வாரம் தாண்டியிருந்ததால், வேறு காரணங்களையும் விலக்கிவிட்டு, சிறார் மூட்டழற்சி, அதாவது குழந்தைகளுக்கு வரும் நாள்பட்ட மூட்டு வீக்க நோய் என்று முடிவானது. மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் ஆச்சே என்று உறவுக்காரர் ஒருவர் வாதாடினார். குழந்தைகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்குமாம்.

மயக்கம் கொடுத்து, முழங்காலில் நீரை எடுத்துவிட்டு ஊசி போட்டார்கள். நொண்டல் போய்விட்டது. இந்த நோயில் சிவக்காமல், வலிக்காமல் கண்ணுக்குள்ளும் அழற்சி வரும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை மட்டும் தொடர்கிறது. அந்த மெஷினில் தாடையை வைத்து அவளை அசையாமல் உட்கார வைப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது.