மழைக்கு என்ன படம் பார்க்கலாம்?
ஹட்டனில் மழை விடுகிற மாதிரி இல்லை. லீவில் பிள்ளைகளும் வீட்டோடு. சரி, புதுச் சண்டைப் படங்களையே திரும்பத் திரும்பப் போடாமல் 1954இல் வந்த 'அந்த நாள்' பாருங்கள். ஒரு பாட்டுக்கூட இல்லை. ஒரு கொலை, ஆளுக்கொரு கதை, ஒவ்வொரு கதையிலும் துப்பாக்கி வேறொருவர் கையில். கறுப்பு வெள்ளையா என்று முகம் சுளித்த என் மகள் கடைசிவரை போனைத் தொடவில்லை.

சிரிக்க 'காதலிக்க நேரமில்லை'. பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் காட்சி ஒன்றே போதும்.

'பரதேசி'யை மட்டும் வீட்டுப் பெரியவர்களோடு பாருங்கள். தேயிலைத் தோட்டத்து வேலைக்குக் கங்காணி ஆள்பிடிக்கும் இடத்தில் அம்மா, "எங்க பாட்டன் வந்த கதைதான்டா இது" என்று அழுதுவிட்டார்.

நம் மலையகத்தைக் காட்டிய, வி. பி. கணேசன் நடித்த 'புதிய காற்று' (1975) நல்ல பிரதி யாரிடமாவது இருக்கிறதா? இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.