ஐப்பசிக் கடைசி வாரமும் அப்பாவின் அம்பாசிடரும்

9 நவம்பர் 2024, சனி

வண்டி எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு டேஷ்போர்டு விளக்கும் மங்கிப்போகிறது. ஆடியில் ஒருமுறை எடுத்ததோடு சரி. மூன்று மாதமாக ஷெட்டிலேயே நிறுத்தி வைத்தது என் தப்பு.

வருகிற வெள்ளிக்கிழமை கடைமுழுக்கு. ஐப்பசி கடைசி நாளில் மாயவரத்தில் காவிரியின் துலாக்கட்டத்தில் முழுகுவதற்கு அம்மாவை அப்பா இந்த வண்டியில்தான் அழைத்துப்போவார். 1984-இல் வாங்கிய மார்க் 4, பெட்ரோல் வண்டி. அப்பா தவறிய பிறகு ஒரு வருஷம் வாடகைக் காரில் போனோம். போக வர அம்மா வாயே திறக்கவில்லை. இந்த முறை நம் வண்டியிலேயே போகலாம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பானட்டைத் தூக்கினேன். பேட்டரி மைனஸ் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்து, போல்ட்டே தெரியவில்லை. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றியதும் நுரைத்துக்கொண்டு இறங்கியது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, முறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். மீட்டரில் 12.1 வோல்ட். பாதி சார்ஜ்கூட இல்லை. ராத்திரி முழுக்க சார்ஜரில் கிடக்கட்டும்.

10 நவம்பர், ஞாயிறு

பேட்டரி 12.6 காட்டுகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை.

அப்பா சொல்லிக்கொடுத்த கணக்கு எளிது: செல்ஃப் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் வரவில்லை, இல்லையென்றால் நெருப்பு வரவில்லை. முதலில் பெட்ரோலைப் பார்த்தேன். கார்ப்பரேட்டருக்கு வரும் ஓஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, பக்கத்து வீட்டுத் தம்பியைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். விட்டு விட்டுப் பீய்ச்சியது. பம்பு நன்றாகவே இருக்கிறது. ஓஸ்தான் அழுத்தினால் கொழகொழவென்று இருந்தது. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், பழைய ரப்பருக்கு அது ஆகாது. புது ஓஸ் போட்டேன். ஒரு பிளக்கைக் கழற்றினால் நுனி பெட்ரோலில் நனைந்திருந்தது. ஆக, பெட்ரோல் உள்ளே போகிறது, பற்றவில்லை.

சிந்திய பெட்ரோலைத் துடைத்து, ஷெட் கதவைத் திறந்து போட்டு நன்றாக உலரவிட்டேன். அதற்கப்புறம்தான் ஸ்பார்க் சோதனை. பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டைத் தரும் காயிலிலிருந்து, அதைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் தடித்த வயரை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் உருவி, ரப்பர் பிடி போட்ட குறட்டால் எஞ்சினுக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்தேன். நீலமாகப் பொறி தாவ வேண்டும். ஒன்றுமில்லை.

11 நவம்பர், திங்கள்

டவுனில் ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் "காயில் போயிருக்கும் மேடம்" என்று புதுக் காயிலை எடுத்து மேஜையில் வைத்துவிட்டார்கள். வாங்கி வந்து மாட்டினேன். அப்படியும் பொறி இல்லை.

பழைய காயிலை ராத்திரிதான் மீட்டரில் வைத்துப் பார்த்தேன். உள்ளே இருக்கும் பிரைமரி சுற்று 3 ஓம், பன்னிரண்டு வோல்ட் காயிலுக்கு இருக்க வேண்டிய அளவுதான். இதைக் காசு கொடுப்பதற்கு முன்னால் செய்திருக்க வேண்டும். எங்கள் மெக்கானிக் பாயாக இருந்தால் அளக்காமல் எதையும் வாங்க விட்டிருக்க மாட்டார். முப்பது வருஷம் இந்த வண்டியைப் பார்த்தவர். கண்புரை ஆபரேஷன் ஆகி வீட்டில் இருக்கிறார்.

12 நவம்பர், செவ்வாய்

வண்டி எடுத்தது!

காலையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே சுற்றும் ரோட்டாரை எடுத்து, காயிலின் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சான பாயிண்டைச் சுத்தம் செய்து, அதோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டென்சரைப் புதிதாக மாட்டினேன். சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பியதும் இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டு அம்மா ஈரக் கையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். ஐந்து நிமிஷம் ஐடிலில் விட்டேன். கண்டென்சர்தான் என்று முடிவு செய்தேன். பாய்க்கும் போன் செய்து சொன்னேன். "ஓட்டிப் பாத்தியா பாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

14 நவம்பர், வியாழன்

நேற்று மழை, வெளியில் எடுக்கவில்லை. இன்று சாயங்காலம் பெட்ரோல் போட எடுத்தேன். தெருமுனை வரை சரியாகப் போயிற்று. மெயின் ரோட்டில் ஏறி ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் விளக்கை அணைத்த மாதிரி நின்றுவிட்டது. திணறவில்லை, இருமவில்லை. பெட்ரோல் குறைந்தால் இப்படிச் சட்டென்று நிற்காது.

நாலு பேர் தள்ளி வீடு சேர்த்தார்கள். நாளைக்கு விடிகாலை மாயவரம். அம்மா பையெல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். அவளிடம் சொல்லப் போகும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "இப்ப என்ன, முடவன் முழுக்குன்னு ஒண்ணு இருக்கேடி. மறுநாள் போவோம்" என்றாள்.

கடைமுழுக்குக்கு நடந்தே வந்த ஒரு முடவர் மாயவரம் சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. அவர் அழுது வேண்ட, கார்த்திகை முதல் தேதி முழுகினாலும் அதே பலன் உண்டு என்று சுவாமி அருளினார். அம்மாவுக்கு இதில் துளி சந்தேகமும் கிடையாது.

15 நவம்பர், வெள்ளி

இந்த வருஷம் கடைமுழுக்கும் அன்னாபிஷேகமும் ஒரே நாள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது பாய் வந்தார், கறுப்புக் கண்ணாடியோடு. குனியக் கூடாதாம். ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன்.

ஒரு இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் பற்றவைத்து எடுத்து வந்திருந்தார். ஒரு முனை காயிலில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத் திருகில், மறு முனை எஞ்சின் இரும்பில். சாவியைப் போட்டுவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, முன்னால் ஹேண்டில் மாட்டி மெதுவாகச் சுற்றச் சொன்னார். பாயிண்ட் திறக்கும்போது பல்பு எரிய வேண்டும், மூடும்போது அணைய வேண்டும். அணையவே இல்லை, எரிந்துகொண்டே இருந்தது.

"அப்ப காயில் வரைக்கும் கரண்ட் இருக்கு. அதுக்கப்புறம் எர்த்துக்குப் போகல. டெல்கோவுக்குள்ளதான் பாப்பா."

ஒர்க்‌ஷாப்பில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு டெல்கோ என்றுதான் பேர். மூடியைக் கழற்றி, பாயிண்ட் மூடிய நிலையில் எஞ்சினை நிறுத்தினேன். டெல்கோவின் வெளித் திருகிலிருந்து பாயிண்டின் ஸ்பிரிங்குக்கு ஒரு துண்டு வயரைத் தொடச் சொன்னார். தொட்டேன், பல்பு அணைந்தது. எடுத்தேன், எரிந்தது. மூன்று தரம் செய்து பார்த்தேன்.

இடையில் இருப்பது ஒரு விரல் நீளம்கூட இல்லாத வயர். மேல் உறை வழவழவென்று ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. இரண்டு நகங்களால் பிடித்து இழுத்தபோது ஓரிடத்தில் மட்டும் உறை ரப்பர் மாதிரி நீண்டு மெலிந்தது. பிளேடால் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் அத்தனையும் அறுந்து, கறுத்து, முனைகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றன. செவ்வாய்க்கிழமை கண்டென்சர் மாற்றும்போது என் கை இந்த வயரை அசைத்திருக்கிறது. முனைகள் சேர்ந்துகொண்டன, வண்டி எடுத்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சினின் காற்றிழுப்பால் இயங்கும் வாக்குவம், பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் உள்தட்டைச் சிறிது திருப்பும், வயரும் கூடவே வளையும். நாற்பது வருஷம் அப்படி வளைந்து வளைந்துதான் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. நேற்று மெயின் ரோட்டில் அந்த இழுப்பில் முனைகள் விலகிவிட்டன.

சாதாரண வீட்டு வயர் போட்டால் ஒரு மாதத்தில் மறுபடி அறும் என்றார் பாய். மயிரிழை போல நிறைய இழைகள் உள்ள மெத்தென்ற வயர் வேண்டும். கடையெல்லாம் சாத்தியாகிவிட்டது. என் மீட்டரின் கறுப்பு வயரைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தார். "இதான்" என்றார். வெட்டினேன். சால்டர் வைத்து, பழைய வயர் போன வழியிலேயே, தட்டு திரும்ப இடம் விட்டு மாட்டினேன்.

பாயிண்ட் இடைவெளி பதினைந்து தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. ஃபீலர் கேஜ் தகடு லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், அழுத்தித் தள்ளினால் இறுக்கம். என்னை மூன்று முறை வைக்கச் சொன்னார். பிளக் வயர்களைப் பானட்டின் உள்பக்கம் அப்பா சிவப்பு பெயிண்டில் எழுதி வைத்திருக்கும் 1-3-4-2 என்ற, சிலிண்டர்களுக்குப் பொறி போகும் வரிசையைப் பார்த்து மாட்டினேன். அவருடைய '4' எப்போதும் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி களைத்திருந்தது. ஹேண்டில் போடச் சொன்னார் பாய். "கட்டை விரல மடக்காத. நாலு விரலோட ஒரே பக்கம் வச்சுக்க. கீழேருந்து மேல இழு, மேலேருந்து கீழ அமுக்காத." எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மடக்கிய கட்டை விரல் முறிந்துவிடும். அப்பா பத்து வயதில் எனக்குச் சொன்னதும் இதே வார்த்தைதான். முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் பிடித்தது. பாய் நாற்காலியிலிருந்து எழுந்து மட்கார்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார், விடச் சொன்னார், மிதிக்கச் சொன்னார். நிற்கவில்லை.

காசு வாங்க மறுத்துவிட்டார். அம்மா கோயிலிலிருந்து வந்து, அன்னாபிஷேகச் சாதத்தில் தயிர் விட்டுக் கொடுத்தாள். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

16 நவம்பர், சனி. கார்த்திகை 1

நாலரைக்குக் கிளம்பினோம். திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம். வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. ஒவ்வொரு தடவை ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதும் என் காது எஞ்சினிலேயே இருந்தது. குத்தாலம் தாண்டிய பிறகுதான் தோள் தளர்ந்தது. அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து வழியில் வந்த ஊர்களில் உள்ள சொந்தக்காரர் கதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

துலாக்கட்டத்தில் நேற்றைய கூட்டம் இல்லை. படி வழுக்கியது, அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று முழுக்குப் போட்டாள். மூன்றாவது அப்பாவுக்காம்.

திரும்பும்போது சாவியில் ஒரே திருப்பு.

வீட்டுக்கு வந்து எஞ்சின் ஆறியதும் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கறுப்பு வயர் எங்கும் உரசவில்லை. தட்டிலிருந்து டெல்கோவின் உடம்புக்குப் போகும் எர்த் பின்னலில் மட்டும் இரண்டு மூன்று இழை பிரிந்து நிற்கிறது. திங்கட்கிழமை அதையும் மாற்ற வேண்டும், மீட்டருக்குப் புது வயரும் வாங்க வேண்டும்.