எது பழைய மரம்?

ஒஸ்லோவின் பிக்டோய் பகுதியில் உள்ள நாட்டுப்புற அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்கு வழிகாட்டுவது என் வேலை. கோல் மரத் தேவாலயத்தின் முன்னால் நின்றதும் பலரும் கேட்பது ஒன்றுதான்: "இதெல்லாம் அந்தக் காலத்து மரமா?"

ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பேன். சிலர் முகம் வாடிவிடும். எனக்கோ பேசவேண்டியதே அங்கேதான் தொடங்குகிறது.

இது 1200 வாக்கில் ஹாலிங்டால் பள்ளத்தாக்கின் கோல் ஊரில் கட்டப்பட்டது. ஊராரில் பத்தில் மூன்று பேருக்காவது தேவாலயத்தில் இடம் இருக்கவேண்டும் என்று 1851இல் சட்டம் வந்தது. சிறிய மரத் தேவாலயங்கள் பலவற்றுக்கு அதுவே முடிவு. கோல் மக்களும் புதிதாக ஒன்று கட்ட முடிவெடுத்தார்கள். இடிபட இருந்த பழையதைத் தொன்மைச் சின்னங்களைக் காக்கும் சங்கம் வாங்கியது. மன்னர் இரண்டாம் ஆஸ்கர் செலவை ஏற்க, 1884–85இல் இங்கே எழுப்பினார்கள்.

இதைப் பிரித்து மாட்ட முடிந்ததற்குக் காரணம் கட்டிய விதம். கல்லின் மேல் அடிச்சட்டம், அதன் மேல் தூண்கள், காடியில் செருகிய நெட்டுப் பலகைகள். மண்ணின் ஈரம் தூணில் ஏறுவதில்லை. இதற்கு முந்தைய தலைமுறைத் தேவாலயங்களில் தூண்களை மண்ணிலேயே நட்டார்கள். அவை அடியில் இற்றுப்போயின. இந்த ஒரு மாற்றம்தான் நோர்வேயில் இன்று இப்படிப்பட்ட 28 இடைக்கால மரத் தேவாலயங்களாவது மிஞ்சியதற்குப் பெரிய காரணம் என்று நம்புகிறேன்.

உள்ளே இருக்கும் தூண்கள் இடைக்காலத்தவை. வெளித்தோற்றம் பெரும்பாலும் கட்டடக் கலைஞர் வால்டெமார் ஹான்ஸ்டீன், நோர்வேயின் இன்னொரு மரத் தேவாலயமான போர்குண்டைப் பார்த்து அமைத்தது. பிற்காலத்தில் சேர்ந்தவற்றை நீக்கி, இடைக்காலத் தோற்றத்துக்குத் திருப்புவதே அன்றைய மீட்பாளர்களின் நோக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஓர் ஊர் புழங்கிய இடம் அது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டியதைச் சேர்த்திருக்கும். அதையெல்லாம் அழுக்கைப்போலத் துடைத்தால், காப்பாற்றும்போதே கொஞ்சம் இழக்கிறோம்.

நல்லவேளையாக, பலிபீடப் பகுதியில் 1652இல் தீட்டிய ஓவியங்களை விட்டுவைத்தார்கள். இயேசுவின் கடைசி இராவுணவுக் காட்சி அங்கே இருக்கிறது. அதனால் இப்போது வெளியே நின்று நீளமாகப் பேசுவதில்லை. நேராக உள்ளே அழைத்துப்போய், முதலில் தூண்களையும் அப்புறம் அந்த ஓவியத்தையும் காட்டுகிறேன். வெளியே வந்த பிறகுதான் கூரையின் டிராகன் தலைகளைக் காட்டி, ஹான்ஸ்டீன் பெயரைச் சொல்கிறேன்.