லயனல் வான் ப்ராக்: முதல் உலகப் பட்டமும் அதன் கணக்கும்

நீள்வட்டத் தடத்தில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயமான ஸ்பீட்வேயின் முதல் உலக சாம்பியன் யார் என்று கேட்டால், 1936இல் லண்டனின் வெம்ப்ளி அரங்கில் வென்ற ஆஸ்திரேலியர் லயனல் வான் ப்ராக் என்று உடனே சொல்லிவிடலாம். அந்தப் பட்டம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று அடுத்த கேள்வி வந்தால்தான் பேச்சு நீள்கிறது. ஒரு பந்தயத்தில்கூடத் தோற்காத ஒருவர் அன்று மூன்றாம் இடத்தில் நின்றார். இரண்டாம் இடத்தில் நின்றவருக்கும் வான் ப்ராக்குக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் இருந்ததாகப் பின்னாளில் ஒரு கதை பரவியது. பழைய ஸ்பீட்வே வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் அந்த இரவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வான் ப்ராக்கின் பெயரோடு ஒரு சந்தேகத்தையும் ஒட்டிவிடுகிறார்கள். அவருடைய வாழ்க்கையை முழுமையாகப் பார்த்தால் அந்தச் சந்தேகத்துக்குக் கொடுக்கப்படும் இடம் மிக அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் 1908 டிசம்பரில் சிட்னியில் பிறந்தவர். ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெய்ட்லண்டில் 1923 டிசம்பரில் மின்விளக்கு வெளிச்சத்தில் நடந்த பந்தயங்களையே ஸ்பீட்வேயின் தொடக்கமாகப் பலரும் கொள்கிறார்கள். ஆக, இந்த விளையாட்டு பிறந்தபோது வான் ப்ராக் பதின்பருவத்தில் இருந்தார். 1928 பிப்ரவரியில் லண்டனுக்கு அருகிலுள்ள ஹை பீச்சில் இங்கிலாந்தின் முதல் பெரிய பந்தயம் நடந்த பிறகு, தேர்ந்த ஆஸ்திரேலிய வீரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறி இங்கிலாந்துக்கு வரத் தொடங்கினார்கள். அங்கே லீக் இருந்தது, பெருங்கூட்டம் இருந்தது, நல்ல வருமானமும் இருந்தது. வான் ப்ராக்கும் அந்த வழியிலேயே வந்து வெம்ப்ளி லயன்ஸ் அணியில் சேர்ந்து, 1930களில் அந்த அணியின் முக்கிய வீரர்களுள் ஒருவரானார்.

அந்தக் காலத்து வண்டியைப் பற்றிச் சிறிது சொல்லாமல் மேலே செல்ல முடியாது. 500 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின். பெரும்பாலும் லண்டனின் டோட்டன்ஹாம் பகுதியில் தயாரான ஜேஏபி. எரிபொருள் மெத்தனால். கியர் ஒன்றே ஒன்று, பிரேக் கிடையாது. கரிச்சாம்பல் பரப்பிய நீள்வட்டத் தடத்தில் நான்கு பேர் இடப்புறமாகவே திரும்பித் திரும்பி நான்கு சுற்றுகள் ஓட்டுவார்கள். வளைவை நெருங்கும்போது பின்சக்கரம் பிடிப்பை இழந்து வெளிப்பக்கமாக வழுக்கும்படி ஆக்ஸிலரேட்டரைத் திருக வேண்டும்; வண்டி இடப்புறம் திரும்பிக்கொண்டிருக்க, முன்சக்கரம் வலப்புறம் பார்த்துக்கொண்டிருக்கும்; இரும்புத் தகடு பூட்டிய இடது காலணி தரையில் உரசிக்கொண்டே வரும். வண்டியைத் திருப்புவதும் அதன் வேகத்தை ஆள்வதும் பெரும்பாலும் ஆக்ஸிலரேட்டரைப் பிடித்த வலது கைதான். அச்சத்தில் வளைவின் நடுவே அதைச் சட்டென்று மூடிவிட்டால், வழுக்கிக்கொண்டிருந்த பின்சக்கரம் திடீரெனத் தரையைப் பற்றி ஓட்டுபவரைத் தூக்கி எறிந்துவிடும். துணிச்சலைவிட, பதற்றத்திலும் கையை நிதானமாக வைத்திருக்கும் பழக்கமே இந்த விளையாட்டுக்கு முதல் தேவை. வான் ப்ராக்கிடம் அது நிறையவே இருந்தது என்பதற்குப் பின்னால் வேறொரு சான்று வருகிறது.

இனி 1936 செப்டம்பர் 10ஆம் தேதி இரவுக்கு வருவோம். வெம்ப்ளியில் சுமார் 74,000 பேர் கூடியிருந்தார்கள். பதினாறு வீரர்கள், இருபது பந்தயங்கள். ஒவ்வொருவரும் ஐந்து முறை ஓட்டி, மற்றப் பதினைந்து பேரையும் தலா ஒரு முறை சந்திக்கும்படி அட்டவணை அமைந்திருந்தது. வெற்றிக்கு மூன்று, இரண்டாம் இடத்துக்கு இரண்டு, மூன்றாம் இடத்துக்கு ஒரு புள்ளி. இதோடு நிறுத்தியிருந்தால் எந்தக் குழப்பமும் இருந்திருக்காது. ஆனால் தகுதிச் சுற்றுகளில் சேர்த்த புள்ளிகளைப் போனஸாக மாற்றி இறுதிப் போட்டிக்கும் கொண்டுவர வேண்டும் என்று அமைப்பாளர்கள் விதி வகுத்திருந்தார்கள்.

வெஸ்ட் ஹாம் அணியின் ஆஸ்திரேலிய வீரர் புளூயி வில்கின்சன் அன்று ஐந்து பந்தயங்களையும் வென்று 15 புள்ளிகள் எடுத்தார். அவருடைய போனஸ் 10, மொத்தம் 25. வான் ப்ராக் எடுத்தது 14, போனஸ் 12, மொத்தம் 26. பெல் வ்யூ அணியின் எரிக் லாங்டன் எடுத்தது 13, போனஸ் 13, அவருக்கும் 26. எல்லோரும் எல்லோரையும் சந்தித்தார்கள் என்பதால், இந்த எண்களிலிருந்தே அந்த இரவின் உண்மையான தரவரிசையைப் படித்துவிடலாம். வான் ப்ராக் இழந்த ஒரே புள்ளி வில்கின்சனிடம் இழந்தது. லாங்டன் அந்த இருவரைத் தவிர வேறு எவருக்கும் பின்னால் வரவில்லை. தடத்தில் முதல்வர் வில்கின்சன், இரண்டாமவர் வான் ப்ராக், மூன்றாமவர் லாங்டன். முதல்வரை வெளியே உட்கார வைத்துவிட்டு, மற்ற இருவரும் பட்டத்துக்காக மீண்டும் ஒருமுறை மோத வேண்டியதாயிற்று. வில்கின்சனுக்கு நேர்ந்தது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்த விதியை எழுதியது வான் ப்ராக் அல்ல.

அந்த மோதலில் நடந்தது இன்னும் சுவையானது. புறப்படும் இடத்தில், வீரர்களுக்கு முன்னால் குறுக்கே கட்டியிருக்கும் நாடாவை, அது மேலெழும் முன்பே லாங்டன் அவசரப்பட்டு அறுத்துவிட்டார். விதிப்படி அவர் விலக்கப்பட்டிருக்க வேண்டும். வான் ப்ராக் ஒரு சுற்றும் ஓட்டாமலே உலக சாம்பியன் ஆகியிருக்கலாம். அப்படி வரும் வெற்றி தமக்கு வேண்டாம், பந்தயத்தை மறுபடியும் நடத்துங்கள் என்று அவர் வற்புறுத்தினார். மீண்டும் புறப்பட்டபோது லாங்டன் முதல் வளைவை முதலில் பிடித்து, கடைசிச் சுற்றின் கடைசி வளைவு வரை முன்னிலையில் இருந்தார். அங்கே கிடைத்த ஒரு சிறு இடைவெளிக்குள் வண்டியைச் செலுத்தி, ஒரு சக்கர நீளத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வான் ப்ராக் வென்றார்.

பின்னாளில் பரவிய கதை இதுதான்: முதல் வளைவை யார் முதலில் அடைகிறாரோ அவரே பந்தயத்தை வெல்லட்டும் என்று இருவரும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்களாம், வான் ப்ராக் அந்தப் பேச்சை மீறினாராம், மனம் உறுத்தியதால் பந்தயத்துக்குப் பிறகு லாங்டனுக்கு 50 பவுண்டு கொடுத்தாராம். இது உண்மையாகவே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாலும், அதில் கேவலமான பகுதி எது? பார்க்க வந்த எழுபதாயிரம் பேருக்குத் தெரியாமல் முடிவைப் பேசி வைத்ததுதான் கேவலம். அந்தப் பேச்சை மீறிக் கடைசி வளைவுவரை உண்மையாகப் போட்டியிட்டதில் கேவலம் ஏதும் இல்லை. தட்டில் வைத்து நீட்டப்பட்ட வெற்றியைச் சில நிமிடங்களுக்கு முன்புதான் மறுத்த மனிதர் அவர் என்பதைக் கதை சொல்பவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். (லாங்டனும் எளிய ஆள் அல்ல, உலகப் போட்டிக்கு முன்னோடியாக இருந்த ஸ்டார் ரைடர்ஸ் பட்டத்தை 1932இல் வென்றவர்.)

வில்கின்சனுக்கு 1938இல் அந்தப் பட்டம் கிடைத்தது; ஆனால் 1940இல் சிட்னியில், பந்தயத் தடத்துக்கு வெளியே, சாதாரணச் சாலை விபத்தொன்றில் அவர் இறந்துபோனார். 1939 இறுதிப் போட்டி போர் மூண்டதால் நடக்கவே இல்லை.

வான் ப்ராக் ஆஸ்திரேலிய விமானப்படையில் சேர்ந்து விமானியானார். 1942 ஜனவரியில், இன்றைய இந்தோனேசியாவின் சும்பா நீரிணைக்கு மேலே, அவர் துணை விமானியாக இருந்த டிசி-2 போக்குவரத்து விமானத்தை ஜப்பானிய விமானங்கள் சுட்டு வீழ்த்தின. கடலில் விழுந்த பிறகு, அவரும் விமானி வெப்ஸ்டரும் காயமுற்ற தோழர்களைத் தாங்கிப் பிடித்தபடி, சுறாக்கள் திரியும் நீரில் ஏறத்தாழ முப்பது மணி நேரம் தாக்குப்பிடித்தார்கள். அதற்காக இருவருக்கும் வீரத்துக்கான பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. பதற்றத்திலும் நிதானம் தவறாதவர் என்று முன்பு நான் எழுதியதற்கு இதைவிடப் பெரிய சான்று எந்த ஓடுதடத்திலும் கிடைக்காது. உலகப் பட்டத்தைப் பற்றி எழுதும் பலர் இந்தப் பதக்கத்தைக் கடைசி வரியில் போகிறபோக்கில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துவிடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

போருக்குப் பிறகு அவர் மீண்டும் தடத்தில் இறங்கினார். ஆனால் அதற்குள் வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. மிகச் சிறந்த ஆண்டுகளைப் போர் எடுத்துக்கொண்டிருந்தது. பந்தயத்தை விட்ட பின்பும் விமானத்தை விடாமல், அடாஸ்ட்ரா நிறுவனத்தில் வான்வழி நில அளவைக்காக விமானம் ஓட்டினார். 1987 மே மாதம், 78ஆம் வயதில் காலமானார்.

1949இல் உலகப் போட்டி மீண்டும் தொடங்கியபோது போனஸ் புள்ளிகள் கைவிடப்பட்டன. இறுதி இரவில் எடுத்த புள்ளிகளே கணக்கில் கொள்ளப்பட்டன. அந்த விதி பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருந்தால் முதல் சாம்பியனாக வில்கின்சனின் பெயர் பதிவாகியிருக்கும். வான் ப்ராக் ஒரு புள்ளியில் பட்டத்தைத் தவறவிட்டவராக இருந்திருப்பார். லாங்டனின் நாடாவைப் பற்றியும் 50 பவுண்டைப் பற்றியும் இன்று பேசுவதற்கு எவருக்கும் எதுவும் இருந்திருக்காது.