நோட்டீஸ் பீரியட்

2025 மே 5, திங்கள்

கத்திரி நேற்று ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஐசியூவுக்கு வெயிலும் இல்லை மழையும் இல்லை. எப்போதும் ஏசி, எப்போதும் ட்யூப்லைட். ராத்திரி 8 மணிக்கு உள்ளே போய்க் காலை எட்டரைக்கு வெளியே வந்தால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

நேற்று எனக்கு மூன்று பெட். அதில் இரண்டு வென்டிலேட்டர். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒரு நர்ஸ் தனியாக வேண்டும் என்று படிக்கும்போது பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். இங்கே ஐந்தாம் பெட்டுக்குச் சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் போடும்போது ஏழாம் பெட்டில் மருந்து ஏற்றும் பம்ப் கத்துகிறது. ரத்த அழுத்தம் விழாமல் பிடித்திருக்கும் நார்அட் தீரப்போகிறது. எந்தக் கையை எடுப்பது?

நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சார்ட்டில் அதற்கென்று கட்டம் இருக்கிறது. 4 மணிக்குப் புரட்டியதாக எழுதினேன். புரட்டவில்லை. ஒன்பது வருஷத்தில் இப்படி எழுதுவது முதல் தடவை இல்லை. எழுதும்போது கை தயங்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

மே 12, திங்கள்

செவிலியர் தினம். நைட் முடிந்து கிளம்பியவர்களையும் நிறுத்திவைத்து கேக் வெட்டினார்கள். ஆளுக்கு ஒரு ரோஜா. கையில் மெழுகுவர்த்தியோடு உறுதிமொழி. நிர்வாகத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து "நீங்கள்லாம் வெள்ளை உடுத்திய தேவதைகள்" என்றார். நாங்கள் போட்டிருந்தது நீல ஸ்க்ரப்.

2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு ஒன்று, தனியார் மருத்துவமனை நர்ஸுக்கு எங்கேயும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்குச் சமமாகத் தர வேண்டும் என்று பரிந்துரை செய்தது. எங்களுடையது 250 படுக்கை. நான் வாங்குவது 21,500. குறைந்தபட்சத்தைத் தாண்டிவிட்டேன், ஒன்பது வருஷம் கழித்து. தேவதைக்கு எதற்குச் சம்பளம் என்று நினைத்திருப்பார்கள்.

மே 20, செவ்வாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

ஞாயிறு ராத்திரி, விடிந்தால் திங்கள், 3.40 மணி. ஏழாம் பெட் தாத்தாவுக்கு ஊசி போட்டுவிட்டு லைனை, அதாவது நரம்பில் போட்ட குழாயை, ஃப்ளஷ் பண்ண 10 எம்எல் சலைன் வேண்டும். ட்ரேயில் கைவிட்டு ஆம்ப்யூலை எடுத்தேன், உடைத்தேன், சிரிஞ்சில் இழுத்தேன். லைனைப் பிடித்துவிட்டேன். காலி ஆம்ப்யூலைப் போடப்போகும்போது பழக்கதோஷத்தில் லேபிளைப் பார்த்தேன். கேசிஎல்.

பொட்டாசியம் குளோரைடு. பாட்டிலில் கலந்து மணிக்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டியது. அப்படியே நேராகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதே அளவு, அதே மாதிரி பிளாஸ்டிக், அதே நிறமில்லாத தண்ணீர். எடுக்கும்போது ஒரு தடவை, இழுக்கும்போது ஒரு தடவை, போடும்போது ஒரு தடவை லேபிள் படி என்று முதல் வருஷம் எங்கள் டியூட்டர் முட்டியில் ஸ்கேலால் தட்டிச் சொல்லிக்கொடுத்தார். முதல் இரண்டும் அன்றைக்கு என்னிடம் இல்லை. மூன்றாவது மிச்சம் இருந்தது.

சிரிஞ்சைக் கொட்டிவிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாத்தா தூங்கிக்கொண்டிருந்தார்.

காலையில் இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய், கேசிஎல்லைத் தனியாகப் பூட்டிவைக்க வேண்டும், இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதுகிறேன் என்றேன். "பேஷன்ட்டுக்கு ஒண்ணும் ஆகலையேம்மா. அடுத்த வாரம் ஆடிட் வெச்சுக்கிட்டு எதுக்கு எழுதணும்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள். நானே ஒரு பிளாஸ்டரைக் கிழித்து, சிவப்பு மார்க்கரால் 'கேசிஎல்' என்று எழுதி, ஒரு சின்ன டப்பாவில் ஒட்டி, எல்லாவற்றையும் அதற்குள் போட்டு ட்ரே மூலையில் வைத்துவிட்டு வந்தேன்.

வேலை கஷ்டம் என்று விடலாமா என நினைத்தது வேறு. நான் ஒருவரைக் கொன்றுவிடுவேன் என்று பயப்படுவது வேறு. இந்த இரண்டும் வேறுவேறு என்பதை வீட்டில் அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னேன். "ரெண்டு நாள் லீவு போடேன்" என்றார்.

மே 25, ஞாயிறு

என் பேட்ச் தோழி ஒருத்தி பச்சிளங்குழந்தை வார்டை விட்டுவிட்டு மூன்று வருஷமாக மெடிக்கல் கோடிங்கில் இருக்கிறாள். பெருங்குடியில் அவள் வீட்டுக்குப் போனேன். அமெரிக்காவில் எங்கேயோ ஒருவர் மருத்துவமனைக்குப் போய் வந்த சார்ட்டைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். அதை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ்காரன் பணம் தருவான். புதுசாகச் சேர்ந்தால் 16,000 கிடைக்குமாம். நர்ஸிங் அனுபவம் சார்ட் படிக்க உதவும், சம்பளத்துக்கு உதவாது.

"இங்க யாரும் சாகமாட்டாங்கடீ. கோட் தப்பாப் போனா மெயில் வரும், அவ்ளோதான்" என்றாள். தினம் இத்தனை சார்ட் என்று டார்கெட், துல்லியம் 95 சதவீதத்துக்குக் குறைந்தால் கூப்பிட்டுப் பேசுவார்கள். கழுத்து வலிக்குப் பெல்ட் போட்டிருந்தாள்.

அவள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஐ46.9, காரணம் குறிப்பிடாத இதய நிறுத்தம். எத்தனை பேர் நெஞ்சில் அழுத்தியிருக்கிறேன், அதற்கு ஓர் எழுத்தும் மூன்று எண்ணும். இன்னும் புரட்டினால் இஸட்73.0. பர்ன்-அவுட். எனக்கும் ஒரு எண் இருக்கிறது என்று காட்டினேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள்.

ஜூன் 1, ஞாயிறு

சித்தி வந்திருந்தார். கிராம சுகாதார செவிலியர். "பேசாம இவங்களை மாதிரி இருந்திருக்கலாம்ல, நைட் இல்ல" என்று அத்தை அவர் முன்னாலேயே என்னிடம் சொன்னார். சித்திக்கு வந்ததே கோபம். கர்ப்பிணிப் பெயரை பிக்மி என்கிற அரசு வலைத்தளத்தில் ஏற்ற வேண்டும், அந்த எண் இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைவார்கள், தடுப்பூசி, சர்க்கரை, பிரஷர், ரிஜிஸ்டர் மேல் ரிஜிஸ்டர், ஊரில் ஒரு பிரசவம் தப்பானால் முதல் கேள்வி தனக்குத்தான் வரும் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, "நைட் இல்லியாம்ல. போன் நைட்லதான் வருது" என்றார்.

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். மகள் மூன்றாம் வகுப்பு. புத்தகத்துக்கு அட்டை போடும்போதே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டேன். மிச்சத்தை அவளே போட்டிருக்கிறாள், தலைகீழாக.

ஜூன் 6, வெள்ளி

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு இன்டர்வியூ போனேன். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஃபேக்டரியில் ஆம்புலன்ஸ் ரூம் இருக்க வேண்டும் என்பது 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம். அதனால்தான் எனக்கு அங்கே ஒரு நாற்காலி. இரண்டு கட்டில், ஆக்சிஜன் சிலிண்டர், கண் கழுவும் குழாய், தீக்காய மருந்து, டெட்டனஸ் தடுப்புக்கு டிடி ஊசி. சம்பளம் 22,000, கான்ட்ராக்டர் மூலமாக. காலை ஷிஃப்ட், பகல் ஷிஃப்ட் மட்டும். வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்.

சேஃப்டி ஆபீசர் கேட்டார்: "ஐசியூல இருந்துட்டு இங்க போரடிக்காதாம்மா?"

போரடிப்பது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது சார் என்று சொல்ல வாய்வரை வந்தது. "பழகிக்குவேன் சார்" என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அழுகை வந்தது. கைக்குழந்தையின் நரம்பில்கூட வென்ஃப்ளான் ஊசி போடுவேன். டாக்டர்களே என்னைக் கூப்பிடுவார்கள். இந்தக் கை இனிமேல் பேண்ட்-எய்ட் ஒட்டப்போகிறது. இது கர்வம்தான். இருந்துவிட்டுப் போகட்டும், ஒன்பது வருஷத்தில் எனக்கென்று சேர்த்தது அது ஒன்றுதான்.

ஜூன் 11, புதன்

ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு மாத நோட்டீஸ். ஒரிஜினல் சர்டிஃபிகேட் சேர்ந்த நாளிலிருந்து அவர்களிடம் இருக்கிறது, கடைசி நாளைக்கு மறுநாள் தருவார்களாம்.

ஜூலை 20, ஞாயிறு

ஃபேக்டரியில் ஆகஸ்ட் 11ஆம் தேதியே சேரச் சொன்னார்கள். அத்தை ஒரே பிடியாக, ஆடியில் புது வேலையில் சேரக்கூடாது என்றார். ஹெச்.ஆரிடம் எப்படிச் சொல்வது என்று பயந்து போன் போட்டால், அந்தம்மா "எங்க வீட்லயும் இதேதான், ஆவணி பொறந்து வாங்க" என்றார்.

என் இடத்துக்கு ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள், கோர்ஸ் முடித்து நாலு மாதம். முதல் வாரமே இரண்டு பெட் கொடுத்துவிட்டார்கள். நான் போவதால்தான் இவளுக்கு இது என்று தோன்றாமல் இல்லை. கேசிஎல் டப்பாவைக் காட்டி, அன்றைக்கு நடந்ததை மறைக்காமல் சொன்னேன். முகம் வெளுத்துப்போனது. பயப்படட்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

6.10க்கு பஸ். ரிஜிஸ்டரில் இன்று 11 பேர். கண்ணில் இரும்புத் தூள் இரண்டு, விரலில் வெட்டு மூன்று, மாதவிடாய் வலி, தலைவலி. தர்மபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி லைனில் நின்றபடியே மயங்கி விழுந்தாள். பிரஷர் 90/60, சர்க்கரை 68. காலையில் சாப்பிடவில்லை, ஹாஸ்டலில் உப்புமா தீர்ந்துவிட்டதாம். ஓஆர்எஸ்ஸும் பிஸ்கட்டும் கொடுத்து அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரே நோயாளியின் பக்கத்தில் அரைமணி நேரம்! அவள் தூங்கிய பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

2 மணிக்கு மூலையில் யூபிஎஸ் கூவியது. எழுந்து ஓடிவிட்டேன். எங்கே ஓடுகிறேன் என்று கதவுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சர்டிஃபிகேட் இன்னும் கைக்கு வரவில்லை. மூன்றாவது தடவை போய் நின்றுவிட்டு வந்தேன். கையெழுத்துப் போட வேண்டியவர் லீவு.

சாயங்காலம் இன்சார்ஜ் சிஸ்டரிடமிருந்து வாட்ஸ்அப். இன்று நைட்டுக்கு ஆள் இல்லை, ஒரே ஒரு நாள் வர முடியுமா, 1,500 தனியாகத் தருகிறோம். சர்டிஃபிகேட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'வரேன்' என்று அடித்தேன். அழித்தேன். 'முடியாது சிஸ்டர், காலைல டூட்டி' என்று அனுப்பினேன்.

8 மணிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். ஐசியூவில் ஷிஃப்ட் மாறும் ஹேண்ட் ஓவர் நேரம். கையைத் துடைத்துவிட்டு அந்தப் புதுப் பெண்ணுக்கு அனுப்பினேன்: 'எத்தனை பெட்?'

'மூணு சிஸ்டர்.'

'கேசிஎல் எங்க இருக்கு?'

ரொம்ப நேரம் பதில் இல்லை. தோசை இரண்டு கருகிவிட்டது. பிறகு வந்தது.

'உங்க டப்பாலதான். பிளாஸ்டர் உரிஞ்சு எழுத்து போயிடுச்சு. இப்பதான் பார்த்தேன், புதுசு ஒட்டிட்டேன் சிஸ்டர்.'