லாண்டிங் ஃபுட் ஒருவழியாகப் பிடிபட்டது

பிடிபட்டேவிட்டது. வலைப்பந்துக்கு நடுவராக நிற்கப் பழகத் தொடங்கியதிலிருந்து என்னை ஆட்டிவைத்தது ஒரே ஒரு கேள்விதான்: பந்தைப் பிடித்த பிள்ளை எந்தக் காலை முதலில் ஊன்றினாள்? அந்தக் கால்தான் லாண்டிங் ஃபுட். போன ஞாயிறு இரண்டு ஊர்க் கழகங்களுக்கு நடுவே நடந்த சிநேகபூர்வ ஆட்டத்தில் நாலு கால்பகுதியும் என் பாதிக் கோர்ட்டில் அது எனக்கு வடிவாகத் தெரிந்தது. கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் டபிள்யூ.டி.யாக, அதாவது விங் டிஃபென்ஸாக ஆடியவள் நான். தனக்குரியதல்லாத பகுதிக்குள் போகிற ஓஃப்சைட், பந்தை 3 செக்கனுக்கு மேல் வைத்திருப்பது, பந்து கோர்ட்டின் மூன்றில் ஒரு பகுதியை முழுதாகத் தாண்டிப் பறந்தது எல்லாம் கண் தானாகவே பிடித்துவிடும். ஆனால் விசிலோடு பக்கக் கோட்டுக்கு வெளியே நிற்கும்போது கால் விஷயம் அப்படி லேசாக வராது. பந்தோடு நடக்கிற ஸ்டெப் பிழையும், பந்து வைத்திருப்பவளை 3 அடிக்குள் நின்று மறிக்கிற ஒப்ஸ்ட்ரக்‌ஷனும் இரண்டுமே அந்த முதல் காலில்தான் தொங்குகின்றன. அதை விட்டுவிட்டால் 3 அடியை எங்கிருந்து அளப்பது?

இங்கேதான் சிக்கல். வலது காலில் இறங்கினாள் என்றால் அந்தக் கால்தான் கணக்கு. இடது காலை அவள் எத்தனை தடவையும் எடுத்து வைக்கலாம், சுற்றலாம். வலதைத் தூக்கவும் செய்யலாம், திரும்ப ஊன்றுமுன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். மறிக்கிறவள் நிற்க வேண்டிய 0.9 மீற்றரும் அந்த வலது காலிலிருந்துதான். காலைத் தூக்கிவிட்டாலும் அது இருந்த இடத்திலிருந்துதான் அளவு, அதாவது தரையில் இல்லாத ஒரு அடையாளத்தை நீங்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். பந்து வைத்திருப்பவள் மற்றக் காலைப் பின்னால் வைத்துச் சாய்ந்தால் இடைவெளி தாராளமாக இருக்கிற மாதிரிக் கண்ணுக்குத் தெரியும், உண்மையில் மறிக்கிறவள் உள்ளே வந்து நிற்பாள். முன்னால் எடுத்து வைத்தாலோ இருவரும் மூக்கோடு மூக்கு முட்டுகிற மாதிரித் தெரியும், ஆனால் கிட்டப் போனது பந்துக்காரி என்பதால் மறிக்கிறவளில் குற்றம் இல்லை. சனம் கத்துவது எப்போதும் இந்த இரண்டாவதுக்குத்தான்.

நான் செய்தது இது. பந்து எறிகிறவளின் கையை விட்ட உடனே கண்ணைப் பந்திலிருந்து எடுத்து, பிடிக்கப் போகிறவளின் முழங்காலுக்குக் கீழே வைத்துவிடுவது. சொல்ல லேசு, செய்ய விடாது, பறக்கிற பந்தைக் கண் விடவே விடாது. அதனால் பிள்ளைகளைச் சோடி சோடியாக எறியவிட்டு, செங்கல்லில் சாய்த்து வைத்த போனில் கணுக்கால் உயரத்துக்கு ஸ்லோ மோஷனில் எடுத்து, இரவில் போட்டுப் போட்டுப் பார்த்தேன். எங்கள் மைதானம் மண் மைதானம். முதலில் விழுகிற காலடியில் சின்னதாக ஒரு தூசி கிளம்பும், இரண்டு காலும் ஒன்றாக விழுந்தால் இரண்டு இடத்தில் கிளம்பும். அதற்குப் பிறகு காலை இழுத்தால் பெருவிரல் போட்ட கீறலும் கிடக்கும். இதைப் பார்த்துப் பழகிய பிறகு ஆட்டத்திலும் வாய்க்குள் “வலது”, “இடது”, “இரண்டும்” என்று முணுமுணுக்கத் தொடங்கினேன். பைத்தியம் மாதிரித்தான் இருக்கும், ஆனால் வாய் சொன்னதை மூளை மறக்காது. 3 செக்கனும் அந்தச் சொல்லிலிருந்தே எண்ணலாம்.

அளவுக்கு ஒரு பீ.வி.சி. குழாயைச் சரியாக 90 சென்ரிமீற்றருக்கு வெட்டி வைத்திருக்கிறேன். பயிற்சியில் இருவரையும் அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு நடுவில் கிடத்திப் பார்ப்பது. மறிக்கிறவளின் முதுகுப் பக்கமாக நின்று பார்த்தால் 3 அடி ஒரு சாண் மாதிரி இருக்கும். இருவருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிற மாதிரிப் பக்கவாட்டில் நின்றால்தான் சரிவரும், அதற்குப் பந்துக்கு ஒரு பாஸ் முன்னாலேயே ஓடிவிட வேண்டும்.

கோல் வட்டத்துக்குள் ஷொட் எடுக்கும்போதும் இதே கதைதான். ஜி.கே. (கோல் கீப்பர்) கையை நீட்டி முன்னால் சாய்ந்து நிற்பாள், வேலியோரம் நிற்கும் அண்ணாமார் “மறைக்கிறாள் அக்கா, அடியுங்கோ விசிலை!” என்பார்கள். கால் 3 அடியில் இருந்தால் கை எங்கே இருந்தால் என்ன? துள்ளித் தடுக்கவும் செய்யலாம், துள்ளி உள்ளே விழுந்து ஷொட்டைக் குழப்பினால்தான் பெனால்டி. இலங்கை அணிக்கு ஆடிய எங்கள் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் மாதிரி 208 சென்ரிமீற்றர் ஆள் ஜி.எஸ். (கோல் ஷூட்டர்) ஆக நின்றால் அந்த 3 அடிக்கு அப்பால் நின்று எப்படித் துள்ளியும் பந்தைத் தொட முடியாது, அது வேறு விஷயம். 2018இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை எடுத்தபோது மற்ற அணிகள் பட்ட பாடு தெரிந்ததுதானே.

கூடைப்பந்து ஆடிவிட்டு வருகிற பிள்ளைகள்தான் எனக்குத் தலையிடி. பந்தோடு நகருவது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது, விசில் அடித்தால் “பந்தை நிலத்தில் தட்டி டிரிபிள் போடாமல் எப்படி அக்கா நகருறது?” என்று சண்டைக்கு வருகிறார்கள். நகராதே, எறி! அதுதானே இந்த ஆட்டம். ஊருக்கு ஒரு விதியாகக் கிடந்ததை ஒன்றாக்க 1960இல் பல நாடுகளும் வந்து கூடியதே நம் இலங்கையில்தான் என்று ஒருத்திக்குச் சொன்னேன். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை.

விசில் விஷயமும் சொல்லிவிடுகிறேன். உள்ளே உருண்டை உள்ள பழைய வகை வியர்வையும் எச்சிலும் பட்டால் சில நேரம் சத்தம் அடைத்துப்போகிறது. உருண்டை இல்லாத ஃபொக்ஸ் 40க்கு மாறிவிட்டேன், மெதுவாக ஊதினாலும் மைதானத்துக்கு அப்பால் வரைக்கும் கேட்கிறது. பிள்ளைகள் மேலே போடுகிற, நிலையின் எழுத்து உள்ள பிப் கதைதான் அழுகை. டவுணில் ஒரு கடையில் எழுத்து ஒட்டி எடுத்தது, முதல் தோய்ப்பிலேயே ‘ஜி.டி.’யில் (கோல் டிஃபென்ஸ்) பாதி உரிந்துவிட்டது.

அடுத்தது அட்வான்டேஜ், அதாவது பிழை நடந்தாலும் மற்ற அணிக்கு லாபம் என்றால் விசில் அடிக்காமல் விடுவது. கால் பிடிபட்ட பிறகு இப்போது எல்லாவற்றுக்கும் விசில் அடிக்கக் கை துருதுருக்கிறது, அதுவே புதுப் பிரச்சினை. ஞாயிறு ஆட்டத்தில் ஜி.ஏ. (கோல் அட்டாக்) வட்டத்துக்குள் பந்தைப் பிடித்து ஷொட்டுக்குத் தயாராகிவிட்டாள், அதே நேரம் பக்கத்தில் ஜி.டி. தெளிவாக 3 அடிக்குள். விசில் அடித்தால் பெனால்டிதான், ஆனால் ஓட்டம் நின்றுபோகும். விட்டால் கோல். கையைக் காட்டி “அட்வான்டேஜ், ஒப்ஸ்ட்ரக்‌ஷன்” என்று சொல்லிக்கொண்டு விட்டேன், போட்டுவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அப்படி அமையுமா என்ன? அதற்கும் போனும் செங்கல்லும்தான் கதி என்று நினைக்கிறேன், ஆனால் இந்த முறை ஒரு முழு ஆட்டமாக, கொஞ்சம் உயரத்திலிருந்து எடுக்க வேண்டும்.

அப்புறம், எழுத்துத் தைத்த பிப், ஒட்டினது இல்லை, யாழ்ப்பாணப் பக்கம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. இரண்டு செட் வேண்டும், ஒன்று கடும் நிறமாக இருந்தால் நல்லது.