எழுந்ததும் குனியாமல் இருந்த மூன்று மாதம்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீடு. நான்கு மாடு. முப்பது வருஷமாக நாலரை மணிக்கு எழுந்தால் முதல் வேலை கட்டுத்தரையில் சாணி அள்ளுவதுதான். போன ஐப்பசியில் ஒரு நாள் அப்படிக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. இடது புட்டத்தில் பிடித்த வலி, கெண்டைக்காலைத் தாண்டிப் பெருவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி இழுத்தது.

எம்.ஆர்.ஐ. எடுத்தோம். இடுப்பில் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். முதலில் பார்த்த இடத்தில் "மாட்டை வித்துடுங்க" என்று முடித்துவிட்டார்கள். விற்றுவிட்டு எதைச் சாப்பிடுவது? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"எந்திரிச்சதும் முதல்ல என்ன வேலைங்கம்மா செய்வீங்க?" என்று கேட்டது பிசியோதெரபி பார்த்த சித்தூர்ப் பெண் மட்டும்தான். தவிட்டு மூட்டை தூக்கியதால் வந்தது என்றே நான் நினைத்திருந்தேன். அவள் சொன்னது வேறு. ராத்திரி படுத்திருக்கும்போது பாரம் இல்லாததால் ஜவ்வு தண்ணீரை உறிஞ்சி, ஊறின கடலை மாதிரி விறைத்து உப்பிவிடும். காலையில் நாம் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் உயரம் கூடித்தான் எழுகிறோம். அப்போது குனிந்தால் ஜவ்வு தாங்க வேண்டிய அழுத்தம் சுமார் 300 சதவீதம் கூடுகிறது என்று 1987-லேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். கூடின உயரத்தில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே இறங்கிவிடும். 1998-இல் அமெரிக்காவில் ஸ்டோவர் ஸ்னூக் என்பவரின் குழு, நாள்பட்ட முதுகுவலிக்காரர்களைக் காலையில் குனியாமல் இருக்கச் சொல்லிப் பார்த்ததில் வலி குறைந்திருக்கிறது.

சரி, ஆனால் மாடு காத்திருக்காதே. பால் சொசைட்டிக்கும் நேரத்தில் போயாக வேண்டும். அதனால் மூன்றரைக்கே எழ ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் நின்றும் நடந்துமே வேலை: அடுப்பு மேடையில் தண்ணீர் காய்ச்சுவது, முந்தின நாள் திண்ணையில் எடுத்து வைத்த தட்டையை மாடுகளுக்குப் போடுவது. அப்புறம்தான் கறவை. குத்துக்காலிட்டு உட்காருவதை விட்டுவிட்டு முக்காலி. சாணி அள்ளுவது, சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்த பிறகுதான். என் வீட்டுக்காரர் தகரத் தட்டில் ஐந்தடி மூங்கிலைக் கட்டிக் கொடுத்தார், நின்றபடியே தள்ளலாம். முதல் வாரம் கம்பு கையில் நிற்காமல் வழுக்கியது, பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றினோம்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகுத்தண்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கிலின் பயிற்சிகளில் ஒன்றையும் அந்தப் பெண் கற்றுக்கொடுத்தாள். கையும் முழங்காலும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டிப் பத்து எண்ணுவது, பிறகு மாற்றி. முதுகு பலகை போல அசையாமல் இருக்க வேண்டும். வலியோடு செய்யவே கூடாது என்றாள். கால் மரத்து வலுவிழந்தாலோ சிறுநீர் நின்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். நல்லவேளை, எனக்கு அது நேரவில்லை.

ஆறாவது வாரம் வலி கீழ்க்காலை விட்டு முழங்காலுக்கு மேலே ஏறியது. தையில் இடுப்போடு நின்றது. இப்போது பாலக்காடு பஸ்ஸில் நெடுநேரம் உட்கார்ந்தால் மட்டும் லேசாக இழுக்கும். மாடு நான்கும் கட்டுத்தரையில்தான் நிற்கின்றன.